அத்திம்பேர் வைத்த பரீட்சை

ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் தெருப் பெரியவர்களுக்குப் போன் பாடம் எடுக்கும் வேலையை நானாகவே தலையில் போட்டுக்கொண்டேன். மைசூரில் அதற்கு ஆள் பஞ்சமா? காக்கையைவிடப் பென்ஷன்காரர்கள் அதிகம். வகுப்புக்கு வராத ஒரே ஆள் என் அக்காவின் கணவர், கணக்குத் தணிக்கையில் பெரிய உத்தியோகம் பார்த்த அத்திம்பேர். "என்னை ஏமாத்தறவன் இனிமேதான் பொறக்கணும்" என்பார்.

பொய் சொல்லக்கூடாது, மனிதர் ஜாக்கிரதைதான். இந்தியில் யாராவது கூப்பிட்டால் உடனே வைத்துவிடுவார். ஆங்கிலமென்றால் இலக்கணப் பிழையைத் திருத்திவிட்டு வைப்பார். கன்னடமென்றால், எந்த ஆபீஸ், மேலதிகாரி யார் என்று குடைந்தெடுப்பார். 'ஓடிபி யாருக்கும் சொல்லாதே' என்று நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை அக்கா ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு.

ஏமாற்றுக்காரன் தமிழில் கூப்பிடுவான் என்று நானும் நினைக்கவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி காடிப்பானையில்தான் விழும். பேரன் பேத்திகள் தாத்தாவிடம் கன்னடத்தில்தான் பேசுகிறார்கள். வீட்டுத் தமிழைக் கேட்காமல் அந்த மனிதருக்குக் காது காய்ந்து கிடந்தது.

பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதாகச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய நவம்பர் மாதம். ஒருவன் கூப்பிட்டான்.

"நமஸ்காரம் மாமா, பென்ஷன் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க லைஃப் சர்டிபிகேட் இன்னும் ஏறலை. ஆத்துலேர்ந்தே முடிச்சுடலாம். மாமி சௌக்கியமா?"

அத்திம்பேர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ஆனாலும் தணிக்கை புத்தி விடுமா? நம் ஐயங்கார்ப் பிள்ளைதானா என்று பரீட்சை வைத்தார்.

"வடகலையா, தென்கலையா?"

"நீங்க எதுவோ அதேதான் மாமா."

பாஸ்! என்ன பணிவு, என்ன அடக்கம் என்று பூரித்துப்போய், வந்த ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். சமையலறையிலிருந்து அக்கா, "காகிதத்தைப் பாருங்கோ!" என்று கத்தியிருக்கிறாள். "நம்மாத்துப் பிள்ளைடி, சும்மா இரு" என்று பதில். அடுத்த மாதம் நாள் குறித்திருந்த அக்காவின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று வைத்திருந்த பணம், பத்து நிமிஷத்தில் துடைத்துக்கொண்டு போயிற்று.

அக்கா எனக்குப் போன் செய்தாள். மூன்று பேரும் சைபர் போலீசுக்கு ஓடினோம். அக்கா எங்கே ஓடுவது? ஆட்டோவிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்கொரு முறை நின்று நின்று ஏறினாள்.

"ஒண்ணு விடாம உள்ளதைச் சொல்லுங்க. சீக்கிரம் பிடிச்சா பணத்தை வழியிலயே மறிக்கலாம்" என்று கன்னடத்தில் சொன்னார் அங்கிருந்த பெண் போலீஸ். பிறகு, அவன் எந்த பாஷையில் பேசினான் என்று கேட்டார்.

அத்திம்பேர் தொண்டையைச் செருமினார். "ஹிந்தி" என்றார்.

போலீஸ்காரி அதை எழுதிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தியில் மணி கேட்டால்கூட முழிக்கிற மனிதர்! ஏமாந்ததில் அவருக்கு வெட்கமில்லை, நம்மவனிடம் ஏமாந்தேன் என்று சொல்லத்தான் வெட்கம். நான் வாயைத் திறப்பதற்குள், வெளியாட்கள் முன்னால் ஒருநாளும் அவரை மறுத்துப் பேசியறியாத அக்கா, பெஞ்சில் காலை நீட்டியபடி கன்னடத்தில் சொன்னாள்:

"ஹிந்தி இல்லை மேடம், தமிழ். எங்க வீட்டுத் தமிழ். அதைக் கேட்டுத்தான் என் முழங்காலைத் தூக்கிக் கொடுத்துட்டார்."