கண்ணாடியைத் தேய்த்த அன்று

இப்போது நினைத்தாலும் குமட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீரை நினைத்தல்ல, அதற்கு முன்னால் நின்று பல்லிளித்த எங்களை நினைத்து.

இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் நான். இன்று இரசாயனவியல் பேராசிரியை. வெயில் பட்டதும் தண்ணீரிலுள்ள கிருமியைக் கொல்லும் நுண்துகள்கள்தான் என் ஆராய்ச்சி. அவற்றைக் கண்ணாடித் தட்டுகளில் பூசி, மலையூற்றிலிருந்து லயத்துப் பீலியில் வந்து விழும் தண்ணீரை மேலே மெல்ல ஓடவிட வேண்டும். அந்த லயத்தில் இன்னமும் இருக்கும் என் தங்கையின் சின்ன மகளுக்கு அடிக்கடி வயிற்றால் போகும். கக்கூஸ் சாக்கடைக் கானுக்குக் கீழே பீலி இருந்தால் வேறென்ன ஆகும்? சீ! அவளுக்காகவே இந்தத் தட்டுகள் பதித்த முதல் தொட்டியை அங்கே கட்டினேன்.

திறப்பு விழாவுக்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வருவதாக ஏற்பாடு. துரை வருகிறார் என்றால் தோட்டத்தில் கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தெரிந்தும், தட்டுகளைத் தொடக் கூடாதென்று நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லை. பெரிய பேராசிரியை! போய்ப் பார்த்தால் தட்டுகள் பளபளக்கின்றன. நான் பூசிய வெள்ளைப் படலம் ஒன்றிலும் இல்லை.

"கண்ணாடியெல்லாம் ஒரே அழுக்கா வெளுத்துக் கெடந்துச்சுக்கா," என்றாள் தங்கை பெருமையாக. "தொர பாத்தா ஒனக்குத்தானே அசிங்கம்? விடியக்காலயிலேயே நாலு பேரு சேந்து தேங்காமட்டயும் சாம்பலும் போட்டுத் தேச்சோம்."

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் ஓடினேன். "இன்னைக்குத் தொறக்க வேணாங்க. கண்ணாடியில பூசினது போயிருச்சு. தண்ணி சுத்தமாகாது."

"தொர வந்துட்டாரும்மா. படத்தப் புடிச்சிட்டு அப்புறம் பாத்துக்குவோம்," என்று கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார் அந்த மனுஷன்.

அங்கேயே மறுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? துரையின் பக்கத்தில் நின்று, ரிப்பனைப் பிடித்துக்கொண்டு, கமராவைப் பார்த்துச் சிரித்தேன். தூ!

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து என் தங்கையிடம் நீட்டினார். அவள் அதை மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

"குடுக்காதடி!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். தங்கையின் முகம் சிவந்துவிட்டது. "ஏன், லயத்துத் தண்ணின்னா ஒனக்கு இப்ப அருவருப்பா இருக்கோ?"

"இல்லடி, அந்தத் தண்ணி இன்னும் கெட்ட தண்ணிதான்."

"அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் சிரிச்சிக்கிட்டு நின்ன?"

அவள் என்னைப் பார்த்தபடியே பாதியைத் தான் குடித்துவிட்டு, மீதியை மகளுக்குக் கொடுத்தாள்.