மாத்திரைக் கவரில் நான் வரைந்த சூரியன்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது நான்கு பேர். அத்தை, அத்தையின் மருமகள், மூன்று வயதுப் பேத்தி, நான். அத்தையின் மகன் இல்லை. டிராக்டரில் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு கூழ் ஃபேக்டரிக்குப் போயிருந்தான். அவன் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. அவனுக்கும் படிக்கத் தெரியாது.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மாதம், பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் நடந்தது இது. அங்கே காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்போது சித்தூரில் டிகிரி கடைசி வருடம். ரேஷன் கார்டு, பென்ஷன் பேப்பர், பேங்க் நோட்டீஸ், எது வந்தாலும் என்னிடம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் வேதம் வாசிப்பதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

அத்தை என்று கூப்பிடுவேனே தவிர ரத்த சொந்தம் இல்லை. பக்கத்து வீடு. மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. விரல் கணு எல்லாம் வீங்கி, காலையில் டம்ளர் பிடிக்க முடியாமல் போனதால், மருமகள் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்திருந்தாள். அத்தை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டேய் காலேஜு, இத்த என்னான்னு பாரு" என்று மருந்துச் சீட்டை நீட்டினார்.

மூன்று விதமான மாத்திரைகள். எங்கள் ஆட்களுக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். காலை மாத்திரை என்றால் கவரின் மேல் சூரியன் வரைவேன், ராத்திரிக்கு நிலா. படிக்கத் தெரியாதவர்களும் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். இரண்டு கவரில் வரைந்துவிட்டேன். மூன்றாவது, சின்ன மஞ்சள் மாத்திரை. சீட்டில் அதற்கு எதிரில் மட்டும் கூடுதலாக இரண்டு இங்கிலீஷ் வார்த்தை எழுதியிருந்தது. எனக்கு அது பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மருந்துக் கடைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் அத்தை, மருமகள், இடுப்பில் குழந்தை, மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று அந்த வீட்டில் நான் அதுவரை சொன்னதே இல்லை.

அந்தக் கவரிலும் ஒரு சூரியன் வரைந்தேன்.

மருமகள்தான் சந்தேகப்பட்டாள். "அண்ணா, மத்ததெல்லாம் முப்பது குடுத்துக்கிறாங்க, இது மட்டும் பத்துதான் கீது" என்றாள். கடையில் ஸ்டாக் இருந்திருக்காது, தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பத்தாவது நாள் அத்தையின் வாய் முழுக்கப் புண். காரம் தின்ற வாய் வெந்து போச்சு என்று அவரே கேலி பண்ணிக்கொண்டார். அப்புறம் தண்ணீர் இறங்கவில்லை. பிறகு ஈறில் ரத்தம். 108 வண்டியில் திருப்பதிக்கு ஓடினோம். புறப்படும் முன் ஆதார் கார்டு எடுக்க நான்தான் அவர்கள் வீட்டுக்குள் போனேன். அலமாரியில் அந்தச் சீட்டு இருந்தது. இப்போது நிதானமாகப் பார்த்ததும் புரிந்தது. டாக்டர் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். வாரத்துக்கு ஒன்று.

சீட்டையும் சூரியன் போட்ட கவரையும் எடுத்து என் பைபிளின் ஜிப் உறைக்குள் திணித்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கையில் இருந்தது அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்த மாத்திரையை எப்படிக் கொடுத்தீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். தினமும் ஒன்று என்று மருமகள் சொன்னதும், இது வாரத்துக்கு ஒன்றுதான், தினமும் போட்டால் விஷம் என்றார். அத்தையின் மகன், என் மச்சான், வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டான். அவள் என்னைக் காட்டி, அண்ணன்தான் படித்துச் சொன்னார் என்றாள். மச்சான் திரும்பி என்னைப் பார்த்தான்.

"நான் வாரத்துக்கு ஒண்ணுன்னுதான் சொன்னேன் மச்சான். தங்கச்சி சரியா கேக்கல."

இவ்வளவுதான் நான் சொன்னது. இதைச் சொல்ல எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை. அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். படித்தவன் சொல்லுக்கும் படிக்காதவள் சொல்லுக்கும் நடுவில் எது நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கேயே, அத்தனை நோயாளிகள் பார்க்க, அவன் அவளை அடித்தான். நான் தடுத்தேன். தடுத்ததற்காக எல்லோரும் என்னை நல்ல பையன் என்றார்கள்.

ஐந்தாம் நாள் அத்தை போய்ச் சேர்ந்தார்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி. அப்பத் துண்டும், திராட்சை ரசம் ஊற்றின குட்டிக் கிளாஸும் தட்டில் வரும். மனதில் பகையோ பாவமோ இருக்கிறவர்கள் எடுக்காமல் தட்டை அனுப்பிவிட வேண்டும். யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று எல்லோரும் பார்ப்பார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு பெண்கள் பக்கம் போனேன். மருமகள் பின்வரிசையில், சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே புதிதாகக் கன்றிப் போயிருந்தது. கை நீட்டினாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "மாமியாரத் துன்னுட்டு பந்தி வேறயா" என்று முணுமுணுத்தார். கை திரும்பிப் போய்விட்டது. நான் அவள் எதிரில் தட்டோடு நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடுத்த ஆளிடம் நகர்ந்தேன். கடைசியில், வழக்கம்போல, எனக்கான கிளாஸை எடுத்துக் குடித்தேன்.

அந்த வாரமே மச்சான் அவளை விரட்டிவிட்டான். கொலைகாரி கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று குழந்தையை வைத்துக்கொண்டான். அவன் அக்காதான் வளர்த்தாள். இவள் வரதய்யபாளையத்தில் தாய் வீட்டுக்குப் போனாள். அங்கேயும் வைத்துக்கொள்ளவில்லை என்றும், திருச்சானூரில் ஏதோ லாட்ஜில் துணி துவைக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன்.

நான் ஜெபம் பண்ணாமல் இல்லை. தினமும் பண்ணினேன். பாவத்தை அறிக்கை செய்தால் மன்னிப்பு உண்டு என்று எனக்கு வசனம் மனப்பாடம். பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தவனை வாத்தியார் ஏற்றிவிடுவதுபோலத்தான் கிருபையை நினைத்திருந்தேன். ஆண்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது யோசித்தால், அவரிடம் சொன்னதே அவர் மச்சானிடம் சொல்ல மாட்டார் என்பதால்தான்.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. டிகிரி முடித்து சித்தூரில் வேலையும் கிடைத்தது. ஒரு பிப்ரவரி மாதம், விடுமுறை நாளில், மச்சான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜுரம். கையில் சிரப் பாட்டில், மாத்திரை, சீட்டு. "நீயே பாத்து வரைஞ்சி குடுத்துடுடா. அவ பண்ண மாதிரி எதனா ஆயிடப் போவுது" என்றான்.

பேனாவை எடுத்தேன். குழந்தை எட்டிப் பார்த்து, "சூரியன் போடு மாமா" என்றது.

என்னால் அந்த வட்டத்தைப் போட முடியவில்லை. மருந்துக் கடைக்கு போன் போட்டு, கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மச்சானையே கேட்க வைத்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பதி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர். ஐந்தாறு லாட்ஜ் ஏறி இறங்கிய பிறகு ஒரு மொட்டை மாடியில் அவளைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பிழிந்துகொண்டிருந்தாள். கை வெந்து சுருங்கியிருந்தது.

பைபிள் உறையைத் திறந்து சீட்டையும் கவரையும் நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள்தானே கேட்டுக்கொண்டிருந்தவள். என் பொய்யை முதல் நாளில் இருந்து முழுதாகத் தெரிந்திருந்த ஒரே மனுஷி அவள்.

அவள் ஈரப் பெட்ஷீட்டின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் உதறிக் கொடியில் போட்டோம். அப்படியே ஏழெட்டு ஆனது. அதற்கு நடுவில், முந்தின நாள் குழந்தை ஜுரத்தோடு வந்ததையும் சொன்னேன். அப்புறம் கேட்டாள்.

"பாப்பாக்கு ஜுரம் வுட்டுச்சா?"

நான் புறப்படும்போது விட்டிருந்தது என்றேன். தலையை ஆட்டினாள். கவரை வாங்கி அந்தச் சூரியனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இதை மச்சானிடம் காட்டு, போலீசில் வேண்டுமானாலும் கொடு, நான் மறுக்க மாட்டேன் என்றேன். அவள் திருப்பி என் கையிலேயே வைத்தாள்.

"உன்ன நான் போன கிறிஸ்மஸ்லயே மன்னிச்சிட்டேன் அண்ணா."

நான் அழ ஆரம்பித்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"அழுவாத, கேளு. அன்னிக்கி மன்னிச்சேனா, மறுநாள் எழுந்தா பாப்பா நெனப்பு வந்து, நீ நாசமாப் போவணும்னு தோணுது. மறுபடி முட்டி போட்டேன். டெய்லி காலைல இதே வேலதான். வாரத்துக்கு ஒண்ணு போட்டா பத்தாது அண்ணா இது."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஊரில் போய் எல்லோரிடமும் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொன்னால்தான் மன்னிப்பேன் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கணக்கு நேராகிவிட்டது என்று வந்திருப்பேன். அவள் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. அது உன் பாடு என்றாள். அடுத்த வாளியைத் தூக்கப் போய்விட்டாள்.

மார்ச் முதல் ஞாயிறு, பந்திக்கு முன்னால் நான் எழுந்து நின்று சொன்னேன். வேதம் வாசிக்கிற இடத்தில் நின்றுதான் சொன்னேன். மச்சான் எழுந்து வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தான். ஆனால் அவன் சொன்னதுதான் வலித்தது.

"எங்கம்மா போனதுகூட நீ தெரியாம பண்ண தப்பு, வுடு. என் கையால அவள அடிக்க வெச்சியேடா. நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தியேடா."

போதகர் தட்டை என் கையில் கொடுக்கவில்லை. சரிதான். என் அம்மா அதற்குப் பிறகு மூன்று மாதம் மண்டி வேலைக்குப் போகவில்லை, யார் முகத்தைப் பார்ப்பது என்று. இப்போது யாரும் என்னிடம் சீட்டு கொண்டு வருவதில்லை.

மச்சான் திருச்சானூர் போய், மூன்று தடவை கூப்பிட்ட பிறகு, அவள் திரும்பி வந்தாள். ஏப்ரல் முதல் ஞாயிறு பெண்கள் பக்கத்தில், நடுவில் உட்கார்ந்தாள். தட்டு வந்தபோது எடுத்துக் குடித்தாள். முன்பு முணுமுணுத்த அந்த அம்மா குனிந்துகொண்டார். தட்டு ஆண்கள் பக்கம் வந்தது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். எடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

அவள் எழுந்தாள். எங்கள் சபையில் ஆராதனை நடுவில் எந்தப் பெண்ணும் ஆண்கள் பாய் தாண்டி வந்ததில்லை. அவள் வந்து, தட்டில் மிச்சம் இருந்த கிளாஸ் ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கனிவும் இல்லை. அன்றைக்குக் காலையிலும் முட்டி போட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள் என்று தெரிந்தது.

"வாங்கிக்கோ அண்ணா. கை வலிக்குது" என்றாள்.

வாங்கிக் குடித்தேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். மச்சானின் அக்கா இடுப்பில் குழந்தை இருந்தது. இவள் கையை நீட்டினாள். குழந்தை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, யாரு இது" என்று அவளிடம் கேட்டது.

இப்போது அவர்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். குழந்தை இவளிடம் சாப்பிடுகிறது, தூங்குகிறது, சண்டை போடுகிறது. ஆனால் கூப்பிடும்போது "அக்கா" என்றுதான் வருகிறது. இவளும் திருத்துவதில்லை.

கிருபை இலவசம் என்று போதகர் சொல்லும்போதெல்லாம் நான் ஆமென் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது உண்மையிலேயே இலவசமாகத்தான் கிடைத்தது. அந்த வீட்டுக்கு அதன் விலை அத்தையின் உயிர், இருபது மாதம், அப்புறம் ஒரு குழந்தையின் வாயிலிருந்து இன்னும் திரும்பி வராத "அம்மா" என்கிற ஒரு வார்த்தை.