நான் எடுக்காத குளிசை

பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிறவன் நான். வருடத்துக்கொரு தரம் எச்.ஐ.வி. பற்றிய பாடம் வரும். கைகுலுக்கினால் தொற்றாது, ஒரே கோப்பையில் குடித்தால் தொற்றாது, நுளம்பு கடித்தால் தொற்றாது என்று கரும்பலகையில் வடிவாக எழுதுவேன். எச்.ஐ.வி. என்பது கிருமி, மருந்தெடுக்காமல் விட்டு, அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்று முடித்த நிலைதான் எய்ட்ஸ், இரண்டையும் குழப்பினால் புள்ளி இல்லை என்பேன். உடலுறவு என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் எனக்கு இருமல் வரும். பின்னால் நான் செய்ததை அறியாமை என்று யாரும் மன்னித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

நீர்வேலியில் எனக்கொரு சிநேகிதன். வாழைத்தோட்டக்காரன், கலியாணம் முடிக்காத தனி ஆள். அவனைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மாற்று என்றான்; மாற்றியிருக்கிறேன். ஞாயிறு பின்னேரங்களில் இருவரும் பனங்கூடலுக்குள் போய்க் கள்ளுக் குடிப்போம். பனையோலையில் கோலிய பிளா ஒன்றுதான். அவன் பாதி, நான் பாதி. இருபது வருடப் பழக்கம். ஒருவன் தனிப் பிளா கேட்டால் கோபத்தில் இருக்கிறான் என்று அர்த்தம்.

அன்றைக்கு அவன் பாதியைக் குடித்துவிட்டு நீட்டினான். நான் மிச்சத்தைக் குடித்து வாயைத் துடைத்த பிறகு, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதாகவும் இரண்டு வருடமாக மருந்தெடுப்பதாகவும் சொன்னான். வேறு ஒருவருக்கும் தெரியாதாம். எப்படி வந்ததென்று நான் கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஏழு தரம் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். பல் முரசில் ஒரு புண் இருந்தது நினைவுக்கு வந்தது. கைத்தொலைபேசியில் அறிகுறிகளைத் தேடினேன். காய்ச்சல், களைப்பு, தோலில் அரிப்பு. வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாக வந்தது. கடைசியாக இருந்த வயிற்றோட்டத்தையும் மறுநாள் மத்தியானத்துக்குள் வரவழைத்துவிட்டேன். மனைவியிடம் வயிற்றில் புண் என்று சொல்லி எனக்கென்று தனிக் கோப்பை வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அவனே ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்தான். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அவன் போகும்வரை நின்றேன். பழத்தை அப்படியே பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். பின்னேரம் மதிலால் எட்டி ஆட்டைப் பார்த்தேன். அது என்னைவிட நன்றாக இருந்தது.

இரண்டாம் கிழமை பொறுக்க முடியாமல் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்ப் பிரிவுக்குப் போனேன். யாரும் என்னைக் கண்டுவிடக் கூடாதென்று ஹெல்மெற்றைக் கழற்றாமலே சுவரோர மர வாங்கில் குந்தியிருந்தேன். அதன் கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தேன். அதனால் அங்கிருந்த எல்லாரும் என்னையே பார்த்தார்கள். டொக்டர் ஒரு இளம் பிள்ளை; என் மகளின் வயதுதான் இருக்கும். ஹெல்மெற்றைக் கழற்றச் சொல்லி, கதை முழுவதையும் கேட்டு, சிரிக்காமல் இருந்தார். எச்சிலால் இது தொற்றாது, பிளாவில் குடித்து ஒருவருக்கும் வந்ததில்லை என்றார். ஒழுங்காக மருந்தெடுத்து இரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவில்கூடத் தொற்றாது என்றார். நான் கரும்பலகையில் எழுதுகிறதைத்தான் முக்கால்வாசியும் சொன்னார். ஆனாலும் இரத்தம் பார்க்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றேன். பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

கோயில் கும்பிட்டவன் மாதிரி வெளியே வந்தால், வாங்கில் அவன். மாத மருந்துக்கு வந்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்தவன் எழும்பி வந்து என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது.

"உனக்குமோ மச்சான்? உதாலைதானே என்னைக் காணாமல் ஒளிச்சுத் திரிஞ்சனி. பயப்பிடாதை. நான் இருக்கிறன்."

இல்லை என்று ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் எதற்கு வந்தாய் என்ற கேள்வி வரும். நான் தலையைக் குனிந்தேன். அதை அவன் ஓம் என்று எடுத்துக்கொண்டான். எடுக்கட்டும் என்றுதான் குனிந்தேன்.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு என் தொலைபேசி அடிக்கும். மருந்துக் குளிசை எடுத்தனியோ என்று கேட்பான். இடியப்பத்தை விழுங்கிக்கொண்டே ஓம் என்பேன். முதல் மாதம் தலைச்சுற்று வரும், பிறகு போய்விடும் என்பான். தனக்கு முதலில் எப்படி இருந்தது, தோட்டத்துக்குள் தனியே நின்று என்னவெல்லாம் நினைத்தான் என்று, இருபது வருடத்தில் சொல்லாததையெல்லாம் சொன்னான். நான் ம் கொட்டினேன். மனைவி என்ன குளிசை என்று கேட்கத் தொடங்கினாள். மூன்றாம் கிழமை, அடுத்த கிளினிக்குக்குத் தன் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் ஒன்றாகப் போகலாம் என்றான். இனிமேல் நடிக்க இடமில்லை.

தோட்டத்துக்குப் போனேன். வாழைக்கு மெசினால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், எனக்கு ஒண்டுமில்லை."

முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. "முதல் பாத்தது பிழையோ?"

"இல்லை. எனக்கு எப்பவும் இல்லை. உன்ரை பிளாவிலை குடிச்சனான் எண்டு பயந்து போய்ப் பாத்தனான்."

மெசினை நிற்பாட்டினான். தோட்டம் அமைதியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு நீ இதைத்தானே படிப்பிக்கிறாய் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். அதற்கு ஒரு பகிடியும் தயாராக வைத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"உந்த மூண்டு கிழமையும் எனக்கு ஒரு துணை இருந்தது," என்றான். வாய்க்காலில் கிடந்த சருகை எடுத்தெறிந்துவிட்டு, "உனக்கு இந்த வருத்தம் வரேல்லை எண்டது சந்தோசம்தான்," என்றான். பிறகு மெசினைத் திரும்ப இழுத்து ஓடவிட்டு, நான் வாய்க்காலுக்குள் நிற்பதாகவும் தள்ளி நிற்கும்படியும் சொன்னான்.

மறுநாள் ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரிந்தும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது நான்தான் அவனைத் தேடிப் போகிறேன். அவன் கதைக்கிறான், சிரிக்கவும் செய்கிறான். தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு கிளினிக் நாளும் கூட வரட்டோ என்று கேட்பேன்.

"வேண்டாம் மச்சான். உனக்குப் பள்ளிக்கூடமெல்லோ."