துரைசிங்கம் அண்ணையின் நேவித் துவக்கு

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி ஏற்றும் வேலையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. ஸ்டுட்கார்ட் துரைசிங்கம் அண்ணை காலமாகிவிட்டார். என் முகத்தைப் பார்த்து நாலு விமானங்கள் தாமதித்துப் புறப்பட்டன.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணை பழைய துப்பாக்கிகள் வைத்த ஒரு சிறிய ஆயுத அருங்காட்சியகத்தில் காவலாளராக இருந்தார். வந்த புதிதில் ஒரு கலியாண வீட்டில் யாரோ வேலையை விசாரிக்க, "பழைய நேவித் துவக்கு ஒண்டு என்ரை பொறுப்பிலை இருக்கு" என்றார். எங்கள் ஆட்களுக்கு நேவி என்றால் ஊர்க் கடலில் எங்களைத் துரத்திய இலங்கை நேவிதான். பந்தி முடிவதற்குள் அண்ணை அவர்களிடம் துவக்குப் பறித்த வீரராகிவிட்டார்.

"அது அமெரிக்கன்ரை. நான் தூசு தட்டுறனான்" என்று அவரும் சொல்லிக் களைத்தார். "அண்ணை அடக்கமான ஆள்" என்றார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை. நான் சுறாவோடு மல்லுக்கட்டிப் பாக்குநீரிணையை நீந்திக் கடந்ததைச் சொன்னால் பிள்ளைகள் கைபேசியைப் பார்ப்பார்கள். அவர் வந்தால் நாற்காலி வரும், தேநீர் வரும்.

இறுதிச் சடங்கில் பேச என்னைத்தான் கேட்டார்கள். என்னைப்போலப் பேச ஜேர்மனியில் வேறு யார் இருக்கிறார்கள்? அவரின் மனைவி பூமணி அக்கா என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி, அந்தப் பொய்யோடை அவரை அனுப்பாதேங்கோ. அவருக்கு அந்தத் துவக்கிலை உண்மையாவே விருப்பம்."

"ஓம் அக்கா" என்றேன். அவரைச் சற்று இறக்கிவைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

உள்ளதைச் சொன்னேன், ஒரேயொரு புயலை மட்டும் சேர்த்தேன். அந்தக் காலத்து மற்றத் துவக்குகளில் ஒவ்வொரு வெடிக்கும் பூட்டைத் திருகி இழுக்க வேண்டும், இதில் நேராக இழுத்தால் போதும். குண்டு பென்சிலைவிட மெல்லியது. அமெரிக்கக் கடற்படை அதை ஆசையாக எடுத்தது. பிறகு தரைப்படைக்கும் கடற்படைக்கும் ஒரே தோட்டா என்று முடிவாக, இதன் தோட்டா வேறு என்பதால் சில ஆண்டுகளிலேயே ஒதுக்கிவிட்டது. அண்ணை அதைத் துடைத்தபடி சொல்வாராம்: "பாவம், வந்த இடத்திலை பாஷை ஒத்துவரேல்லை."

மண்டபத்தில் ஒரு இருமல் இல்லை. என் சுறாவுக்குக் கிடைக்காத அமைதி.

வெளியே ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "கேட்டீரே, அமெரிக்கன் நேவியிட்டையே பறிச்சிருக்கிறார்."

கண்ணாடிக்கு அப்பால் சவப்பெட்டி மெல்லத் தகன அறைக்குள் போனது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும்தான் நின்றேன்.

போய்வாருங்கள், அண்ணை. உங்களோடு போட்டி போட எனக்கு ஏலாது.