நான் சொன்னதைக் கேட்க ஒரு வக்கீல்

எனக்கு ஊரு தலைச்சோலைங்க. பேரு தாவீது. மலையில விளையற காப்பி, மிளகு, ஆரஞ்சை பிக்கப் வண்டியில ஏத்திட்டு, குப்பனூர் ரோட்டுல சேலத்துக்கு இறங்கறதுதான் என் பொழப்பு. முந்தின வருசம் மார்கழியில, அந்த ரோட்டு வளைவு ஒண்ணுல, பனிக்குள்ள இருந்து ஒரு பைக் என் பக்கமே ஏறி வந்து மோதிருச்சு. ஓட்டிட்டு வந்த பையனுக்கு தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. போனுக்கு டவர் கெடைக்கல. அவனைத் தூக்கி என் வண்டியிலயே போட்டுக் கொண்டு போயி ஆஸ்பத்திரியில சேர்த்தேன்.

அதுக்கு எனக்குக் கெடைச்ச பேரு என்ன தெரியுங்களா? அடிச்சுட்டு ஓடிட்டேனாம். முன்னால போன அவன் சிநேகிதன் திரும்பி வந்து பாத்திருக்கான். பைக் கெடக்குது, ரத்தம் கெடக்குது, ஆளையும் காணோம், மோதுன வண்டியையும் காணோம். நேரா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டான். ஆஸ்பத்திரியில நான் கொடுத்த வண்டி நம்பரை வெச்சே என் மேல கேஸ் ஆயிருச்சு; கொண்டு போயி சேர்த்ததே நான்தான்னு சொன்னா யாரும் காதுல வாங்கல. தண்டனை வந்தா ஜெயிலு, இல்லாட்டி லைசென்ஸாவது போயிரும். எனக்கு வேற தொழில் தெரியாதுங்க.

எங்க சர்ச் சபையில சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆளுக்கொரு வக்கீல் பேரு. என் மச்சான் அனுப்புனவரு நெலப் பத்திரம் பாக்கறவரு. நான் பேசப் பேச, போன்ல யாருக்கோ பட்டா பத்தி சொல்லிட்டிருந்தாரு. அடுத்தவரு, கோர்ட்டுல எல்லாரும் நம்ம ஆளுங்கதான்னு தன் பெருமையவே பேசி அனுப்பிட்டாரு. விசுவாசியான வக்கீல்தான் வேணும்னு சபைப் பெரியவரான மூப்பர் என்னை இன்னொரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அந்த வக்கீல் எனக்காகக் கண்ணீரோட ஜெபிச்சாரு. நொம்ப நல்ல ஜெபம். ஆமென் சொன்ன கையோட, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிருங்கன்னாரு. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. மூப்பர் முகத்துக்காக அவருக்கே வக்காலத்துல கையெழுத்து போட்டேன்.

முதல் வாய்தாவுக்கு அவர் வரவே இல்ல. வேற தேதி போட்டாங்க. ஊட்டுல இருந்து என் சம்சாரம் எஸ்தர் போன் மேல போன். கோர்ட் வராந்தாவுல நின்னுட்டே, "ஆண்டவரே, கேஸ் ஜெயிக்கணும்னு கூட கேக்கல. நான் சொல்றதைக் கேக்கற ஒரு ஆளைக் காட்டுங்க. எனக்கு சலிச்சுப் போச்சு"ன்னேன். அதுல துதியும் இல்ல, ஸ்தோத்திரமும் இல்ல.

கால் வலிக்குதுன்னு திரும்ப உள்ள போயி உக்காந்தேன். வேற யாரோட கேஸோ நடந்துச்சு. ஒரு பெண் வக்கீல். சத்தமே போடல. கேள்வி கேட்டுட்டு, பதில் முடியற வரைக்கும் பேசாம நின்னாங்க. அவங்க வெளிய வந்ததும் முன்னால போயி நின்னேன். பேரு திலகவதி. ஜெயிச்சுருவோம்னு சொல்லல. பழைய வக்கீல்கிட்ட, வக்கீல் மாத்த ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்கன்னு மட்டும் சொன்னாங்க.

அதுக்கு மூப்பருக்குக் கோவம். பொட்டு வெச்சவங்கதான் கெடைச்சாங்களான்னாரு. ஐயா, ஜெபத்தை நாம பாத்துக்கலாம், கேஸை அவங்க பாக்கட்டும்னேன்.

திலகவதி அம்மா முழுக்கதையும் கேட்டுட்டு, "வழியில அந்தப் பையன்கிட்ட பேசினீங்களா?"ன்னாங்க.

"என் சட்டையப் புடிச்சுக்கிட்டு அம்மா அம்மான்னே வந்தானுங்க. நானும் தைரியம் சொல்லிட்டே ஓட்டினேன்."

"அப்போ அவருக்கு உங்க முகம் தெரியும்."

அதுவரைக்கும் யாருமே அவனைக் கேக்கலைங்க.

சாட்சிக் கூண்டுல ஊன்றுகோலோட அவன் ஏறுனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தது யாருன்னு திலகவதி அம்மா கேட்டாங்க. அவன் என் பக்கம் திரும்புனான். "அந்த அண்ணன்தாங்க. வளைவுல தப்புப் பக்கம் வந்ததும் நான்தான்."

எனக்கு விடுதலை ஆச்சு. எஸ்தர் போன்ல அழுதா. நானும் அழுதேன்.

இப்ப சபையில யாருக்காவது கேஸ்னா நான் வக்கீல் பேரு சொல்றதில்ல. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கொஞ்ச நேரம் உக்காந்து, எந்த வக்கீல் காது கொடுத்துக் கேக்கறாருன்னு பாருங்கன்னு சொல்றேன். ஊட்டுலயும் எஸ்தர் பேசி முடிக்கற வரைக்கும் வாயைத் தொறக்கறதில்ல. இது கேஸை விட கஷ்டமுங்க.

உங்களுக்கும் சலிப்பு இருக்கும். அழகா ஜெபிக்க வரலைன்னு நிறுத்திராதீங்க. எரிச்சலோட சொன்னாலும் ஆண்டவர் முழுசாக் கேக்கறாரு. எனக்குக் கேட்டாருங்க.