ஓவனுக்குள் ஒரு சிட்டிகை சாம்பல்

எங்கள் வீட்டுக்கு ஓவன் வந்த நாளிலிருந்தே எனக்கு அதன் மேல் ஓர் இளக்காரம். தறி ஓடுகிற வீட்டில் கேக்குக்கு என்ன வேலை என்று கேட்டவன் நான். என் மனைவி சுடுகிற கேக்கை முதலில் வெட்டித் தின்பவனும் நான்தான், அது வேறு விஷயம். இரண்டு வருடத்தில் எங்கள் தெருவின் பாதிப் பிறந்தநாள்கள் அவள் கைக் கேக்கில்தான் நடந்தன.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் விசேஷம். பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா, மகளின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டடுக்கு கேக் சொல்லியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் இருக்க வேண்டும். சொந்தக்காரரோ அக்கம்பக்கத்தாரோ அல்லாத ஒருவர் அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை. ஒரு வாரமாக அவளுக்குச் சரியான சாப்பாடு இல்லை, எனக்கும் இல்லை.

காலையில் ஓவனைப் போட்டதும் கீச்சென்று கத்தியது. எண்கள் தெரியும் இடத்தில் E என்ற எழுத்து மினுக்கியது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே எழுத்து. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டோம். முன்னால் எண் காட்டுகிற போர்டும், பின்னால் சூட்டைக் கவனிக்கிற போர்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லையாம். இரண்டுக்கும் நடுவே போகும் ஒயரைப் பார்க்க வேண்டுமாம். வேலூரிலிருந்து ஆள் வர திங்கட்கிழமை ஆகுமாம். அவள் முகம் வாடிப்போயிற்று.

எனக்கோ உற்சாகம் வந்துவிட்டது. ஒயர் என்றால் என்ன, கொஞ்சம் தடித்த நூல். நூலோடு பிழைக்கிறவனுக்கு இதற்கா வேலூரிலிருந்து ஆள்? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். இரண்டு போர்டுக்கும் நடுவே நான்கு மெல்லிய ஒயர்கள் ஓடின. அதில் ஒன்றை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. அவள் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள்.

"நீ நவுரு. இதெல்லாம் உனுக்குப் புரியாது" என்றேன்.

அவள் நகர்ந்துகொண்டாள்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால், அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்போம். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வது வழக்கம். அதற்காகவே தறியோரம் ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல் இருக்கும். எங்கள் வீட்டில் ஆயிரக்கணக்கான அந்த இழைகளில் முக்கால்வாசியைப் பிணைப்பவள் அவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து இழை பிணைத்துவிட்டு மீதி நேரம் பேச்சுத்துணை கொடுப்பேன். ஆனாலும் கைக்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஒயரின் நுனிகளைச் சீவியதும் என் கை தானாகப் போய்ச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு வந்தது. சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை. முறுக்கி முடித்தபோது, இவ்வளவு அழகான பிணைப்பை எங்கள் ஆரணியிலேயே யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றியது.

பிளக்கைச் சொருகியதும் ஓவன் ஓடியது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். பத்தே நிமிடத்தில் மறுபடி E. பிளக்கைப் பிடுங்கினேன், மறுபடி சாம்பல், மறுபடி முறுக்கு, இன்னும் இறுக்கமாக. இந்த முறை அரை மணி நேரம் ஆகியும் E வரவில்லை. அதை நம்பி அவள் கீழடுக்கு மாவை உள்ளே வைத்தாள். பாதி வெந்ததும் ஓவன் நின்றது. உப்பி வந்த கேக் நடுவில் குழி விழுந்து அமுங்கிப்போனது. ஒரு டஜன் முட்டை, அவளுடைய ஒரு பகல், இரண்டும் போயின. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் திட்டவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள்.

"சாம்பல தொட்டுகினா முறுக்குனீங்க?"

கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"அது பட்டு வழுக்காம இருக்கறதுக்குங்க. கம்பியும் கம்பியும் ஒண்ணோட ஒண்ணு படணும். நடுவுல சாம்பல் உக்காந்துகினு இருந்தா எப்பிடி?" என்றாள். பிறகு, "கொஞ்சம் நவுருங்க" என்றாள்.

நகர்ந்தேன். பிளக் வெளியில்தான் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். என் அழகான பிணைப்பை வெட்டி எறிந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நுனிகளை பிளேடால் பளபளவென்று சுரண்டி, இரண்டே சுற்றில் முறுக்கி, டேப் ஒட்டினாள். அதன் பிறகு E வரவே இல்லை. மறுநாள் இரண்டு அடுக்கையும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மண்டபம் வரை போனவன் நான். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொன்னேன். டாக்டரம்மா கேக்கைப் பார்த்துவிட்டு அவள் போன் நம்பரை இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வேலூர்க்காரர் வந்தார். டேப் ஓவன் சூட்டுக்கு நிற்காது என்று சொல்லிப் புது ஒயர் போட்டார். கழற்றிய பழையதைப் பிரித்துப் பார்த்தவர், பிணைப்பு சுத்தமாக இருக்கிறதே, யார் போட்டது என்று கேட்டார்.

"அவுருதாங்க" என்றாள் அவள், என்னைக் காட்டி.

வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை.

"இல்லீங்க. நான் போட்டது ரெண்டு வாட்டி நின்னு பூட்டுச்சு. இது அவ போட்டது" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பி, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். நான் டீ போட அடுப்படிக்குப் போனேன்.