முதிரைக் கதிரைக்கு ஒரு ஜோடி

கொட்டாஞ்சேனையில் கதிரை, மேசை செய்யும் தச்சர் லோகேஸ்வரனுக்கு, இருபத்தெட்டு வருடத் தொழிலில் கள்ளன் என்ற பெயர் வரப்பார்த்தது அன்றுதான். அதுவும் வேலை அளவுக்கு மீறி நன்றாக அமைந்துவிட்டதால்.

வெள்ளவத்தை ஜெயராணி, தாத்தா காலத்து முதிரை மரக் கதிரையைக் கொடுத்து அதேபோல் இன்னொன்று கேட்டிருந்தார். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு எது எதென்று தெரியவில்லை.

“எங்கட கதிரை எது, பாஸ்?”

“இடப்பக்கம் இருக்கிறது, அம்மா.”

“அதை நீங்கள்தானே சொல்லுறீங்கள்? பழசை வித்துப்போட்டு ரெண்டும் புதுசா செய்து வைச்சிருக்கலாம்.”

வாசலில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இந்தப் பேச்சு வெளியே போனால் இனி யாரும் அவரை நம்பிப் பழைய சாமான் தரமாட்டார்கள். லோகேஸ்வரன் இரண்டு கதிரைகளையும் கவிழ்த்து, தடிப்பு அளக்கும் கலிப்பரை ஜெயராணியின் கையிலேயே கொடுத்தார்.

“நீங்களே காலை அளந்து பாருங்கோ. வருஷம் போகப் போக மரம் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாச் சுருங்கும். உருண்டையாக் கடைஞ்ச கால் எண்டாலும், பழசு சரியான வட்டமா இருக்காது.”

புதிய கால் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. பழையதில் பக்கத்துக்குப் பக்கம் மயிரிழை மாறியது. ஜெயராணி பழையதின் நான்கு கால்களையும் அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார்.

“ஓம், இதுதான் எங்கட. இன்னும் நாலு செய்யுங்கோ. ஆனா பழசை இங்க விடமாட்டன்.”

“மாதிரி இல்லாம எப்படி அம்மா செய்யிறது?”

“ஒவ்வொரு நாளும் கொண்டு வாறன். நான் அதில குந்தியிருக்கிறன், நீங்கள் சுத்தி நின்று அளவெடுங்கோ.”

“அப்ப சாப்பாடும் கட்டிக்கொண்டு வாங்கோ,” என்றார் லோகேஸ்வரன். “ரெண்டு மாசம் ஆகும்.”